நம் ஊர் லுத்தரன் பள்ளிக்கு லத்தீன் வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். ராதாபுரம் தாலுகாவில் ஒரு சிறிய லுத்தரன் சபையின் நடுநிலைப்பள்ளி. ஒன்று முதல் எட்டு வரை சுமார் தொண்ணூறு பிள்ளைகள், ஆறு ஆசிரியர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர், அங்கே லுத்தரன் பள்ளிகளில் லத்தீன், தர்க்கம், தினசரி ஆராதனை, ஆசிரியரும் பிள்ளைகளும் ஒன்றாகச் சாப்பிடுவது என்று ‘செவ்வியல் கல்வி’ நடப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வரும் ஜூனில் இங்கேயும் தொடங்கியே ஆக வேண்டும் என்று போதகர் ஐயா நிற்கிறார். பள்ளிக் கமிட்டியில் இருக்கும் நீங்கள் எந்த லத்தீன் புத்தகம் வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதில் உறுத்துவது புத்தகம் இல்லை என்று படுகிறது. பனங்காட்டிலும் வாழைத்தோட்டத்திலும் கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது ஒட்டுமா, இல்லை வெளியூர் மோஸ்தரா என்பதுதான் உறுத்தல். அதற்கே பதில் சொல்கிறேன். ஜெபம், மனப்பாடம், இலக்கணம் பிரித்தல், பாட்டு, பந்தி ஆகிய ஐந்தையும் இந்த ஜூனிலிருந்தே ஒவ்வொன்றாகத் தொடங்கலாம், தமிழை வைத்தே. லத்தீனுக்கு குறைந்தது ஒரு வருஷம் பொறுங்கள்.

முதலில், பழைய லுத்தரன் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இதில் ஊகத்துக்கு இடமில்லை, எழுத்தில் இருக்கிறது. 1524இல் ஜெர்மன் நகரங்களின் ஆட்சிமன்றத்தாருக்குச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லுத்தர் எழுதிய கடிதத்தில், பையன்கள் நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் பள்ளிக்கு வரட்டும், மீதி நேரம் வீட்டில் தொழில் பழகட்டும், பெண்பிள்ளைகளுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்கிறார். நாள் முழுக்கப் பூட்டிவைக்கும் திட்டம் அவருடையது இல்லை. 1528இல் லுத்தரின் தோழர் மெலாங்க்தன் வகுத்த பள்ளி ஒழுங்கு இன்னும் துல்லியம். பிள்ளைகள் மூன்று கூட்டம். முதல் கூட்டம் எழுத்து கற்று, தொனாத்துஸின் சிறு இலக்கணத்தையும் காத்தோவின் நீதி வரிகளையும் தினம் ஒன்றிரண்டாக ஒப்பிக்கும். இரண்டாம் கூட்டம் இலக்கணத்தோடு ஈசாப் கதைகள், பிறகு தெரென்ஸ் நாடகங்கள். மூன்றாம் கூட்டம் வெர்ஜில், ஓவிட், சிசெரோ. இலக்கணம் கைவந்த பிறகே தர்க்கமும் சொல்லணி என்ற பேச்சுக்கலையும். சின்னதும் பெரியதுமாக எல்லோரும் மதியத்துக்குப் பின் முதல் மணியில் பாட்டு. வாரத்தில் ஒரு நாள் பரமண்டல ஜெபம், விசுவாசப்பிரமாணம், பத்துக் கட்டளை. இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று: கிரேக்கம், எபிரெயம், ஏன் ஜெர்மன்கூட வேண்டாம், லத்தீன் மட்டும் போதும், பல பாடத்தைப் போட்டுப் பிள்ளைகளை அமுக்காதீர்கள் என்று மெலாங்க்தன் கண்டித்துச் சொல்கிறார். இத்தனைக்கும் அவர் கிரேக்கப் பேராசிரியர்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்முன் பிள்ளைக்கு ஒரு வரி கொடுத்தனுப்ப வேண்டும், மறுநாள் காலை அது ஒப்பிக்க வேண்டும் என்பதும் அந்த ஒழுங்கில் உண்டு. அவர் தரும் எடுத்துக்காட்டு, ‘அமீக்குஸ் செர்துஸ் இன் ரே இன்செர்தா செர்னித்தூர்’. நிலை கலங்கிய காலத்தில்தான் நிலையான நண்பன் யாரென்று தெரியும் என்பது கருத்து. இதைப் படித்ததும் நம் ஊர்த் தமிழாசிரியர் யாருக்கும் ‘கேட்டினும் உண்டோர் உறுதி கிளைஞரை நீட்டி அளப்பதோர் கோல்’ நினைவுக்கு வரும். கெடுதியிலும் ஒரு நன்மை உண்டு, உறவை அளந்து காட்டும் கோல் அது. லுத்தரின் ஊரான விட்டன்பர்க்கில் ஒரு பையன் சாயங்காலம் கொண்டுபோன அதே சரக்கைத்தான் நம் பையன் குறளில் கொண்டுபோகிறான். என் யோசனை முழுவதும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. உங்கள் விருந்தினர் சொன்ன மூன்று படிநிலைகள், அதாவது சின்ன வயதில் மனப்பாடம், நடு வயதில் தர்க்கம், வளர்ந்ததும் பேச்சு என்ற வயதுக் கணக்கு, பழைய லுத்தரன் ஒழுங்கில் அப்படியே இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். இலக்கணம், தர்க்கம், சொல்லணி மூன்றும் அன்று பாடங்கள். அவற்றைப் பிள்ளையின் வளர்பருவங்களாக மாற்றிப் பேசியது ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் 1947இல் ஆற்றிய உரை. அமெரிக்காவில் இப்போது ‘கிளாசிக்கல்’ என்று பெயர் போட்டுக்கொள்ளும் பள்ளிகள் பெரும்பாலும் அந்த வழி வந்தவை. யோசனை பயனுள்ளதுதான், பழமையானது மட்டும் இல்லை. இன்னொன்று, லத்தீன் படித்தால் மூளை கூர்மையாகும், கணக்கும் தானாக வரும் என்ற பேச்சு. 1920களிலேயே அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக் பள்ளி மாணவர்களைப் பெருமளவில் சோதித்துப் பார்த்து, ஒரு பாடத்தின் பலன் இன்னொன்றுக்கு அப்படித் தாவுவது மிகச் சிறிதே என்று காட்டினார். லத்தீன் படித்த பிள்ளைக்கு லத்தீன் தெரியும், இலக்கணம் கொஞ்சம் தெளியும், ஆங்கிலச் சொற்களின் வேர் பிடிபடும். அதற்கு மேல் பெற்றோரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

நம் பக்கத்து வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, வயதான ஒரு தமிழ் வாத்தியாரைத் தன் இடத்திலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1708க்குள் தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியலே தயாரித்துவிட்டார். கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்தார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலேயில் அச்சானது, லத்தீன் மொழியில். நெல்லைச் சீமையைப் பொறுத்தவரை, பாளையங்கோட்டைக்கு 1778இல் வந்த சுவார்ட்ஸும், 1820இல் வந்த ரேனியஸும் பிறப்பால் பிரஷ்யர்கள், வளர்ப்பால் லுத்தரன்கள், ஆனால் ஊழியம் செய்தது ஆங்கில மிஷன் சங்கங்களுக்காக. ரேனியஸுக்கும் சங்கத்துக்கும் 1835இல் முறிந்தது. அதன்பின் இந்தப் பக்கம் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆகி, பிறகு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆயிற்று. இன்று இங்கே இருக்கும் லுத்தரன் சபைகள் பல, 1907இல் நாகர்கோவிலில் தொடங்கிய, அமெரிக்க லுத்தரன்களின் மிசௌரி மிஷன் வழி வந்தவை. 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார், சுவார்ட்ஸ் கையில் தஞ்சாவூரில் வளர்ந்து, லுத்தரன் படிப்பையும் தமிழ் யாப்பையும் சேர்த்துக் கற்று, குறவஞ்சியும் கீர்த்தனையும் பாடியவர். லுத்தரன் படிப்பும் தமிழ்ச் செவ்வியலும் ஒட்டாது என்று யாராவது கமிட்டியில் சொன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். காலை ஜெபத்துக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். சிறிய ஞானோபதேசம் என்ற தம் கேள்வி-பதில் நூலில் லுத்தரே காலை ஒழுங்கு எழுதி வைத்திருக்கிறார்: சிலுவை அடையாளம், விசுவாசப்பிரமாணம், பரமண்டல ஜெபம், ஒரு குறு ஜெபம், ஒரு பாட்டு, பிறகு சந்தோஷமாக வேலைக்குப் போ. அதில் பிரசங்கம் கிடையாது. நம் பள்ளிகளில் காலை ஜெபம் கெட்டுப்போவது பிரசங்கத்தால்தான். ஹெட்மாஸ்டர் அறிவிப்பு, சீருடைத் திட்டு, போதகரின் பத்து நிமிடச் செய்தி எல்லாம் வெயிலில் நின்றுகொண்டே கேட்க வேண்டியிருந்தால், இரண்டாம் வாரத்தில் பிள்ளை ஜெபத்தையும் திட்டையும் ஒன்றாக வெறுக்கும். அறிவிப்பை வகுப்பில் வையுங்கள். ஒரே ஒழுங்கு, ஒரே வார்த்தை, வருஷம் முழுக்க.

வார்த்தை மாறக்கூடாது என்பது லுத்தரின் சொந்தக் கண்டிப்பு. ஞானோபதேசத்தின் முன்னுரையில், ஒரு வாசகத்தைத் தேர்ந்துகொண்டால் அதிலேயே நில்லுங்கள், எழுத்து மாறினால் சிறுபிள்ளைகள் குழம்பும் என்கிறார். ஆகவே முதல் வேலை, சபையில் யார் யாரிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்த்து ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதையே நகலெடுத்து ஆறு ஆசிரியருக்கும் கொடுப்பது. அடுத்த சிக்கல் நம் ஊருக்கே உரியது. பிள்ளைகளில் பாதி சி.எஸ்.ஐ. வீடுகளிலிருந்து வருவார்கள். அங்கே கட்டளைகளை எண்ணும் முறை வேறு. விக்கிரகம் பற்றியது அவர்களுக்கு இரண்டாம் கட்டளை. லுத்தரன் கணக்கில் அது முதல் கட்டளையோடு சேர்ந்துவிடும், கடைசியில் இச்சை பற்றியது ஒன்பது, பத்து என்று இரண்டாகப் பிரியும். அதனால் ‘ஆறாம் கட்டளை சொல்லு’ என்றால் சி.எஸ்.ஐ. பிள்ளை கொலை செய்யாதிருப்பாயாக என்று சொல்லும், லுத்தரன் பிள்ளை விபசாரம் என்று சொல்லும், இரண்டும் சரி. கத்தோலிக்கப் பிள்ளை லுத்தரன் பக்கம் சேரும். எண்ணைச் சொல்லிக் கேட்காமல் கட்டளையின் முதல் சொல்லைச் சொல்லிக் கேட்பதே வழி. எண்ணுக்காக ஒரு பிள்ளையையும் தப்பு என்று உட்கார வைக்காதீர்கள், மறுநாள் வீட்டிலிருந்து ஆள் வந்து நிற்பார்கள்.

ஞானோபதேசத்தின் ஆறு பகுதிகளில் முதல் மூன்றை மட்டும் ஐந்தாம் வகுப்புக்குள் முடித்தால் போதும். மூன்றாம் வகுப்பில் கட்டளைகள் விளக்கத்தோடு, நான்கில் விசுவாசப்பிரமாணத்தின் மூன்று பிரிவுகள், ஐந்தில் பரமண்டல ஜெபம். ஞானஸ்நானம், பாவ அறிக்கை, நற்கருணை மூன்றும் சபையில் திடப்படுத்தலுக்கு ஆயத்தப்படுத்தும்போது வரட்டும். பள்ளியில் எல்லா மதத்துப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும்.

தமிழ் மனப்பாடத்துக்குப் பழைய திண்ணைப் பள்ளி வரிசையே போதும், புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். முதல் இரண்டு வகுப்பில் ஆத்திசூடி, கொன்றைவேந்தன். மூன்றில் மூதுரை, நான்கில் நல்வழி. இவை முறையே முப்பதும் நாற்பதும் வெண்பா, முழுதும் வேண்டாம், பாதி போதும். குறளை மூன்றாம் வகுப்பிலிருந்து வாரம் ஒன்று, ஆறிலிருந்து வாரம் இரண்டு. தேர்வும் விடுமுறையும் போக வருஷத்தில் முப்பது வாரம்தான் கைக்கு மிஞ்சும். அந்தக் கணக்கில் எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையிடம் இருநூற்றெழுபது குறள் இருக்க வேண்டும். நூற்றைம்பது நின்றால் பெரிய வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆசிரியர் சீர் பிரித்துச் சொல்ல வேண்டும், வகுப்பு திருப்பிச் சொல்ல வேண்டும், மூன்று தடவை. பிறகு பலகையில் எழுதி, ஒரு சொல்லை அழித்து முழுதும் சொல்லச் சொல்ல வேண்டும். அடுத்து இன்னொரு சொல். ஐந்தாறு அழிப்பில் பலகை காலியாகும், குறள் வாயில் இருக்கும். பத்து நிமிடம் ஆகும். மறுநாள் ஒரு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை, மாதக் கடைசியில் ஒரு முறை கேட்காவிட்டால் பாதி போய்விடும். வழக்கமாக நடக்கும் தவறு, எல்லாரும் சேர்ந்து ராகம் போட்டுச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வது. சத்தம் கூரையைப் பிளக்கும், ஆனால் கடைசி பெஞ்சில் நாலு பேர் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு மருந்து நம்முடைய பழைய சட்டாம்பிள்ளைதான். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரைத் தனித்தனியே கேட்டு நோட்டில் குறிக்கட்டும். சின்னப் பிள்ளையைப் பெரிய பிள்ளை கேட்பதும் மணலில் எழுதுவதும் 1789க்குப் பிறகு சென்னை எழும்பூரில் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் கையாண்டு, பிறகு இங்கிலாந்துக்கே ‘மதராஸ் முறை’ என்று கொண்டுபோனவை. ஒரு எச்சரிக்கை: சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பு கூடாது, தண்டிக்கும் அதிகாரமும் கூடாது. கேட்டுக் குறிப்பது மட்டும் அவன் வேலை. வாரம் ஒரு முறை ஆசிரியர் அந்த நோட்டிலிருந்து இரண்டு பெயரைத் தொட்டுச் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கடலைமிட்டாய்க்கு டிக் விழத் தொடங்கும்.

ஆத்திசூடியில் ‘திருமாலுக்கு அடிமை செய்’ என்று ஒரு வரி வருகிறதே, லுத்தரன் பள்ளியில் எப்படி என்று கமிட்டியில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். மெலாங்க்தன் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஓவிட் முழுக்க ஜூப்பிட்டரும் அப்பல்லோவும்தான். வரியை வெட்டுவது எனக்கு ஒப்பில்லை. ஒரு வரியை வெட்டினால் அகர வரிசை உடையும், நூல் நூலாக இருக்காது. இது அவ்வையின் நூல், அவர் வணங்கியதை அவர் சொல்கிறார் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். அதை ஒப்பிக்க வேண்டாம் என்று ஒரு வீட்டில் விரும்பினால் அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள். பாட்டு, ஜெபம் பற்றி இந்து வீட்டார் கேட்டாலும் அதே மரியாதை. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியாக இருந்தால் இது மரியாதை மட்டும் இல்லை, சட்டம். அரசியலமைப்பின் 28ஆம் பிரிவின்படி, அப்படிப்பட்ட பள்ளியில் மதபோதனைக்கோ ஆராதனைக்கோ பிள்ளை வர வேண்டுமென்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சேர்க்கைப் படிவத்தோடு தனித்தாளில் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

இனி இலக்கணம். லத்தீனிலிருந்து கிடைக்கும் நல்லது எதுவென்றால், ஒரு சொல்லைப் பார்த்ததும் இது எந்த வேற்றுமை, எந்தக் காலம், யார் செய்தது என்று பிரித்துச் சொல்லும் பழக்கம். அது நன்னூலில் அப்படியே இருக்கிறது. ‘செய்தனன்’ என்றால் செய் பகுதி, த் இறந்தகால இடைநிலை, முதல் அன் சாரியை, கடைசி அன் ஆண்பால் விகுதி. பாடநூலில் பகுபத உறுப்பிலக்கணம் என்று வருகிறது, தேர்வுக்கு இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்து மறந்துவிடுகிறார்கள். அதையே ஆறாம் வகுப்பிலிருந்து தினம் ஒரு சொல், அன்றைய குறளிலிருந்து எடுத்துப் பிரித்தால் ஒரு வருஷத்தில் பிள்ளை தானே பிரிக்கும். ஆசிரியர் முதலில் பிரித்துக் காட்டிவிடக்கூடாது. பிள்ளை தப்பாகப் பிரிக்கட்டும், ‘அப்படியானால் பெண்பாலுக்கு என்ன வரும்?’ என்று ஒரு கேள்வி போடுங்கள், அதுவே திருத்திக்கொள்ளும்.

அந்தப் பழக்கம் வந்த பிள்ளைக்கு லத்தீன் பாதி தெரிந்த மொழி. ஆங்கிலம் வழியாக லத்தீன் படிக்கும் பிள்ளை முட்டிக்கொள்ளும் இடங்கள் தமிழ்ப் பிள்ளைக்குச் சமதரை. ‘மாத்தெர் ஃபீலியம் வொகத்’ என்றால் தாய் மகளை அழைக்கிறாள். ‘ஃபீலியம் மாத்தெர் வொகத்’ என்று மாற்றிப் போட்டாலும் மகளைத் தாய் அழைக்கிறாள்தான். ஃபீலியா என்பதோடு வரும் ம், நம் ஐ உருபு செய்கிற வேலையைச் செய்கிறது. ஆங்கிலத்தில் இடத்தை மாற்றினால் மகள் தாயை அழைப்பாள். ‘அமாபத்’ என்பதை அமா, பா, த் என்று பிரித்தால் பகுதி, கடந்தகாலத் தொடர்ச்சி காட்டும் உறுப்பு, படர்க்கை ஒருமை விகுதி. எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும், நம் தோன்றா எழுவாய் போல. அதனால் லத்தீன் வகுப்பைத் தமிழில் நடத்துங்கள். ‘இங்கிலீஷ் வழி லத்தீன்’ என்று விளம்பரம் செய்ய ஆசை வரும், அதை அடக்கிக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பிள்ளை தடுக்கி விழும் இடங்களும் உண்டு. லத்தீனில் மேசை பெண்பால். உயர்திணை, அஃறிணை என்று பழகிய பிள்ளைக்கு இது சிரிப்பாக இருக்கும், பிறகு எரிச்சலாக இருக்கும். தமிழில் ‘நல்ல’ மாறாது, நல்ல பையன், நல்ல பெண். லத்தீனில் பையனுக்குப் போனுஸ், பெண்ணுக்குப் போனா. முதல் வருஷத் தவறுகளில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் விழும். பெயர்ச்சொல்லைத் தனியாகப் படிக்கவிடாமல், முதல் நாளிலிருந்தே ஒரு பெயரடையோடு சேர்த்தே படிக்க வைத்தால் குறையும். அடுத்தது, ஒரே ஈறு பல வேலை பார்ப்பது. ‘ஃபீலியே’ என்றால் மகளுக்கு, மகளுடைய, மகள்கள் என்று மூன்று பொருளும் உண்டு, இடம் பார்த்துத்தான் தெரியும். நம் உருபுகள் இப்படிக் குழப்பாது. எழுத்தில், குறில் நெடில் வேறுபாட்டைத் தமிழ் எழுத்து ரோமன் எழுத்தைவிடத் தெளிவாகக் காட்டும்: ‘மலுஸ்’ கெட்டவன், ‘மாலுஸ்’ ஆப்பிள் மரம். ஆனால் பகரத்தின் இரண்டு ஒலியையும் தகரத்தின் இரண்டு ஒலியையும் தமிழ் எழுத்து பிரிக்காது. எனவே எழுதுவது ரோமன் எழுத்தில், நெடிலுக்கு மேலே கோடு போட்டு. உச்சரிப்பில் சர்ச் முறை, பழைய ரோமர் முறை என்று இரண்டு உண்டு, சிசெரோ என்றும் கிகெரோ என்றும் சொல்வார்கள். எதுவானாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அளவு சொல்ல வேண்டுமென்றால், ஆறு முதல் எட்டு வரை விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும், வாரம் மூன்று முறை, அரைமணி நேரம். வருஷத்துக்குத் தொண்ணூறு வகுப்பு. ஒரு வகுப்புக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம், திரும்பப் படிக்கும் நாட்கள் போக வருஷத்தில் முந்நூறு சொல் நிற்கும். முதல் வருஷம் முதல் இரண்டு பெயர் வாய்பாடும் (பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும் வகைகள்), முதல் இரண்டு வினை வாய்பாட்டின் நிகழ்காலமும் போதும். மூன்றாம் பெயர் வாய்பாட்டை முதல் வருஷத்திலேயே தொட்டால் வகுப்பு பாதியாகக் குறையும். புத்தகம் எதுவானாலும் மூன்று தகுதி பாருங்கள்: பாடங்கள் சிறியவையாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் படிக்க ஒரு பத்தி இருக்க வேண்டும், பயிற்சிகளுக்கு விடை தனியாகக் கிடைக்க வேண்டும். விடைப் புத்தகம் ஆசிரியருக்காக, ஏனென்றால் அவரும் படித்துக்கொண்டேதான் சொல்லிக்கொடுக்கப் போகிறார். ஜெர்மன் மிஷனரி கார்ல் கிரவுல் குறளை லத்தீனில் பெயர்த்து 1865இல் வந்த பதிப்பு ஒன்று உண்டு, அவர் இறந்த பிறகு வெளியானது. தெரிந்த குறளை லத்தீனில் பார்க்கும்போது எட்டாம் வகுப்புப் பிள்ளையின் முகம் மலரும். ஆனால் தொடக்கப் பாடநூலாக அது ஆகாது, நடை கடினம்.

லத்தீன் திட்டங்கள் பாதியில் நின்றுபோவதற்கு ஒரே காரணம் ஆள் இல்லாமைதான். ஒருவர் ஆர்வமாகத் தொடங்குவார், அடுத்த வருஷம் மாற்றலாகிவிடுவார், அலமாரியில் புத்தகம் மட்டும் இருக்கும். இரண்டு பேர் ஒரு வருஷப் பாடம் முன்னால் போயிருந்தால் மட்டுமே தொடங்குங்கள். போதகர் ஐயா இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்து இன்னும் மறக்காமல் வைத்திருந்தால், அரைகுறை லத்தீனைவிட நல்ல கிரேக்கம் மேல். யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் எளிய சொற்களால் ஆனது. ‘என் ஆர்கே ஏன் ஹோ லோகோஸ்’ என்று தொடங்கும் வரியைத் தமிழ் வேதாகமத்தோடு பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்க ஒரு பருவம் போதும். மெலாங்க்தன் சின்னவர்களுக்குக் கிரேக்கம் வேண்டாம் என்றாரே என்றால், அவர் சொன்னது ஒரே நேரத்தில் பல மொழி வேண்டாம் என்பதற்காக. ஒன்றுதான் முடியும் என்றால், உங்களிடம் ஆள் இருக்கும் மொழியே சரி.

பாட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் இருபது நிமிடம். நம் வெயிலில் ஒன்றரை மணிக்குக் கணக்குப் போட்டால் பாதிப் பேர் தூங்குவார்கள், பாட்டில் தூங்க முடியாது. மாதம் ஒரு ஞானப்பாட்டு, ஒரு கீர்த்தனை, முழுதும் மனப்பாடம், புத்தகம் கையில் இல்லாமல். வழக்கமாகக் கெடுவது சுருதியில். ஆண் ஆசிரியர் தன் தொண்டைக்குச் சௌகரியமான ஒரு கட்டையில் எடுப்பார், பிள்ளைகளுக்குக் கீழ் ஸ்வரம் எட்டாது, முனகுவார்கள் அல்லது கத்துவார்கள். கீர்த்தனையை நாலரை, ஐந்து கட்டையில் எடுங்கள். ஆர்மோனியம் எடுத்த வேகத்தைப் பிள்ளை பின்னால் இழுத்துக்கொண்டே போகும், அதனால் கற்றுக்கொடுக்கும்போது பெட்டியை மூடிவைத்துவிட்டு வாயால் பாடிக் கொடுங்கள். பாட்டு மனதில் நின்ற பிறகு பெட்டி வரட்டும்.

பந்தி விஷயம் எல்லாவற்றையும்விடக் கஷ்டம், அதனால்தான் முக்கியம். ஆசிரியர்கள் சத்துணவு நேரத்தில் ஸ்டாஃப் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டால் ‘சமூக வாழ்க்கை’ என்ற பேச்சே வேண்டாம். எல்லோரும் ஒரே தரையில், கலந்து, அவரவர் சாப்பாடானாலும் ஒரே நேரத்தில். லுத்தரின் சாப்பாட்டு ஜெபம் 145ஆம் சங்கீதம்: ‘எல்லா ஜீவன்களின் கண்களும் உம்மை நோக்கிக்கொண்டிருக்கிறது.’ இரண்டே வசனம், ஒரு பிள்ளை சொல்லும், மற்றவர்கள் ஆமென். உட்காரும் இடத்தை விட்டால் பிள்ளைகள் தெருவாரியாகத்தான் உட்காரும். தெரு என்றால் என்ன என்று நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. பிறந்த தேதி வரிசைப்படி இடம் போட்டு, மாதம் ஒரு முறை மாற்றுங்கள். பெருக்குவது, தண்ணீர் பிடிப்பது, தட்டு அடுக்குவது எல்லாவற்றுக்கும் அதே தேதி வரிசையில் பட்டியல் எழுதி வாசலில் ஒட்டுங்கள், ஆசிரியர் பெயரும் அதில் இருக்க வேண்டும். கழிப்பறை சுத்தத்தை எந்தப் பிள்ளையிடமும் ஒப்படைக்கக் கூடாது, அதற்குச் சம்பள ஆள். சாதியைக் காட்டக் கையில் கலர் கயிறு கட்டி வருவதைப் பற்றி முதல் நாளிலேயே பெற்றோர் கூட்டத்தில் பேசிவிடுங்கள். செவ்வியல் படிப்பு வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று நம்பாதீர்கள். மேலே சொன்ன வேதநாயகம் சாஸ்திரியாரே கோயிலில் சாதிவாரியாக உட்காருவதை ஆதரித்து எழுதியவர், ஜெர்மன் லுத்தரன்களின் லைப்சிக் மிஷனும் அந்த விஷயத்தில் ஆங்கிலிக்கன்களைவிடத் தளர்வாகவே இருந்தது. யாப்பு தெரிந்த தலைமுறையே பந்தியில் தவறியிருக்கிறது, பட்டியல் ஒட்டியே தீர வேண்டும்.

ஏழு, எட்டாம் வகுப்புக்குத் தர்க்கம், சொல்லணி என்று தனிப் பாடம் வேண்டாம். பட்டிமன்றமும் வேண்டாம், அதில் பிள்ளை கற்றுக்கொள்வது நடுவரைச் சிரிக்க வைப்பது மட்டும். நன்னூல் பாயிரத்தில் பத்துக் குற்றம் இருக்கிறது: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்றுதேய்ந்து இறுதல், நின்றுபயன் இன்மை. இதைச் சுவரில் எழுதி வைத்து, வாரம் ஒரு முறை ஒரு பிள்ளை இரண்டு நிமிடம் பேச, மற்றவர்கள் எந்தக் குற்றம் எந்த இடத்தில் என்று சுட்டிக்காட்டட்டும். சுட்டுகிறவர் அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று விதி வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாரும் எல்லாவற்றுக்கும் ‘கூறியது கூறல்’ என்பார்கள். போதகரும் ஒரு வாரம் பேசட்டும், பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்பார்கள்.

மொத்தம் நாளுக்கு ஒரு மணி நேரம்: காலை இருபது, தமிழ்ப் பாடவேளையின் தொடக்கத்தில் பத்து, மதியம் இருபது, மணி அடிக்கும்முன் ஒப்பிக்கப் பத்து. அரசுப் பாடத்திட்டத்தில் ஒரு பாடவேளையும் முழுதாகப் போகாது, ஆய்வுக்கு வரும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் பதில் சொல்லலாம். ஜூனில் ஜெபமும் பந்திப் பட்டியலும் மட்டும். ஜூலையில் மனப்பாடம், சட்டாம்பிள்ளை நோட்டு. காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு பாட்டும் பகுபத உறுப்பும். இதற்கிடையில் போதகர் ஐயாவும் தமிழாசிரியரும் வாரம் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து லத்தீனோ கிரேக்கமோ முதல் புத்தகத்தைத் தாங்களே படித்து வரட்டும். மார்ச்சில் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பயிற்சியை இருவரும் விடையைப் பார்க்காமல் எழுதிக் கமிட்டியில் வைத்தால், பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கப் பணம் ஒதுக்குங்கள்.